மல்லிகா அக்கா சத்தமாகப் படித்த நாள்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் இரண்டே மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது மாதம் எனக்கு வந்த ஒரு வரன் தலைதெறிக்க ஓடிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

(இதை எழுத அம்மாவிடம் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டேன். "தாராளமா எழுது. ஆனா அந்த பஜ்ஜி விஷயத்தை மட்டும் விட்டுடு" என்றார். மன்னித்துக்கொள் அம்மா, பஜ்ஜியை விட்டுவிட்டால் எழுத ஒன்றும் இல்லை.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, ஓஎம்ஆரில் வேலை. ஆபீஸ் கேப் ஏழரைக்கு வரும் என்று ஆப் சத்தியம் செய்யும். வண்டி எட்டேகாலுக்கு வரும். அந்த முக்கால் மணி நேரமும் எங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில், மல்லிகா அக்காவின் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

மல்லிகா அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இருபத்து நான்கு வீட்டுத் துணியும் அவரிடம்தான் வரும். எது யாருடைய சட்டை என்று ஒரு சீட்டும் இல்லாமல் சொல்வார். ஒரு நாள் காலையில் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, எனக்குப் படிக்கக் கத்துக் குடுப்பியா?"

"என்னக்கா திடீர்னு?"

"எம் பொண்ணு கேளம்பாக்கத்துல கீதில்ல, அது மெசேஜ் போடும். நான் செல்லைத் தூக்கினு ரீசார்ஜ் கடைக்காரனாண்ட போவேன். அவன் படிச்சுச் சொல்லுவான். போன வாரம் செல்லை அவனாண்ட குடுத்துட்டு, ரெண்டாவது தெருவுல துணி குடுத்துட்டு வர்றேன். கறிக்கடைக்காரர் கூப்ட்டு வாழ்த்து சொல்றாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, 'இன்னாம்மா, நீ பாட்டி ஆவப் போறியாமே'ன்றாரு. எம் பொண்ணு முழுகாம கீற விஷயம், தெருவுக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்குத் தெரியுது."

"அவங்களை வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்களேன்."

"அதுவும் அனுப்பிச்சுது. மாமியாக்காரியைப் பத்தி ஒரே அழுவை. வண்டியாண்ட நின்னுனு இருந்த நாலு பேரும் கேட்டாங்க. நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. ஒரே பேஜாரு. எனக்கு வந்தத நான் மட்டும் படிக்கணும் பாப்பா. அவ்ளோதான்."

எவ்வளவு நியாயமான ஆசை! சாதாரண மனுஷியாக இருந்தால் "சரிக்கா, நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி முடித்திருப்பாள். நான் சாதாரண மனுஷி அல்ல. அந்த நிமிஷத்திலிருந்து நான் ஒரு சமூக சேவகி.

அன்று மாலையே சிலேட்டு, பல்பம், அரிச்சுவடி, உயிரெழுத்து சார்ட், சரியாகப் படித்தால் ஒட்டுவதற்கு நட்சத்திர ஸ்டிக்கர் எல்லாம் வாங்கினேன். மறுநாள் மல்லிகா அக்கா சிலேட்டைப் பிடித்திருப்பது போல ஒரு படம் எடுத்து, "ஒரு வாழ்வில் ஒளியேற்றுகிறேன்" என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். (அக்கா அதுவரை 'அ'கூட எழுதியிருக்கவில்லை. ஒளி மட்டும் ஏற்றியாகிவிட்டது.) மூன்றாவது மாடி டீச்சர் அதை அவரிடமே காட்டிவிட்டார்.

"என் மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டினு கீறியே, என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் அக்கா மறுநாள்.

நான் அவசரமாக அழித்தேன். அதிலிருந்து பாடம் கற்றேனா என்றால், இல்லை. பாடம் கற்பிப்பவர்கள் பாடம் கற்பதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிச்சுவடி இரண்டு நாள்தான் தாங்கியது. "அ, அணில். ஆ, ஆடு" என்று நான் ஆரம்பித்தால், "ஆடு எனக்குத் தெரியும் பாப்பா, மேல போ" என்பார். அவருக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரில் இருந்தது அவர் ஆர்வம். சரி என்று போஸ்டரிலிருந்தே ஆரம்பித்தோம். அங்கிருந்து ராத்திரி சீரியல்களின் பெயர்கள், அங்கிருந்து வாரப் பத்திரிகையின் சினிமா கிசுகிசு. அதில் ஆள் பெயரைச் சொல்லாமல் "மூன்றெழுத்து நடிகை" என்று போடுவார்கள் இல்லையா? அக்கா தனக்குத் தெரிந்த நடிகைகளையெல்லாம் ஒவ்வொருவராகச் சிலேட்டில் எழுதச் சொல்லி, எழுத்தை எண்ணி, மூன்று வந்தவர்களை மட்டும் தனியாக நிறுத்தி, அவர்களுக்குள் விசாரணை நடத்தினார். மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும் என்று நான் பத்து நாளாகக் கத்தியது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. "அப்போ புள்ளி வச்சதையும் எண்ணணுமா? ஐயோ, அந்தப் பொண்ணு மேல அநியாயமா சந்தேகப்பட்டுட்டேனே!"

ஒரே ஒரு குறைதான். அவர் கூச்சப்பட்டு, வாய்க்குள்ளேயே முனகிப் படித்தார். அப்போது நான் சொன்னதை இங்கே எழுத்து மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்கு எதிராக இது சாட்சியமாக வந்தது: "அக்கா, வாய்விட்டுச் சத்தமா படிங்க. நாலு பேர் கேக்கட்டும். படிக்கிறதுல என்ன வெக்கம்?"

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்தார். பஸ் போனால் போர்டைப் படித்தார். "தாம்...ப...ரம், வே...ளச்...சே...ரி" என்று முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்பில் இருக்கும். எதிர்ச் சுவரை நோக்கி ஒருவர் அவசரமாகப் போனபோது, "இங்...கு சி...று...நீர்..." என்று இவர் வண்டியிலிருந்தே ஆரம்பிக்க, அவர் அப்படியே திரும்பி நடந்துவிட்டார். ஒரு நாள் இரண்டாவது மாடி சாரின் சட்டைப் பையில் மடித்த நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. அக்கா அதைப் பிரித்து, "மூ...லம், பௌத்...திரம், அறு...வை இல்...லாமல்..." என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தார். மறுநாளிலிருந்து சார் வீட்டில் தானே பெட்டி போட்டுக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்தது என் முறை என்று ஓர் அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்மல்காரி. காலேஜிலிருந்து என் உயிர்த்தோழி. எங்கள் இருவருக்கும் இடையே ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜாவது ஓடும், எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். நான் சமூக சேவகி ஆனதும் அவளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தேன்: இனி எல்லாமே தமிழ் எழுத்தில்தான், பாடத்துக்கு உதவும். என் போனையும் முழுக்கத் தமிழுக்கு மாற்றி, அக்காவுக்குக் கண் தெரிவதற்காக எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருந்தேன். ஒவ்வோர் எழுத்தும் மினி இட்லி அளவு. "உனக்கு மெசேஜ் போட்டா சுவர் விளம்பரம் எழுதுற மாதிரி இருக்குடி" என்பாள் நஸ்ரின். ஆனாலும் எழுதினாள். நல்ல பெண்.

அதே சமயத்தில் என் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கல்யாணம் அப்போது வேண்டாம், பெங்களூரில் ஒரு வேலை வேண்டும். அப்பா யோசித்து ஒரு சமரசம் சொன்னார்.

"மூணு பேரைப் பாரும்மா. நல்ல மனசோட பாரு. மூணு பேருமே பிடிக்கலைன்னா நீ பெங்களூர் போ, நான் தடுக்க மாட்டேன்."

நான் ஒப்புக்கொண்டேன். நல்ல மனசோடு பார்ப்பதாகத் தலையும் ஆட்டினேன். உள்ளே என் திட்டம் எளிமையானது: யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்வது. ஒருவரைச் சொல்லியாயிற்று, இரண்டாமவரைச் சொல்லியாயிற்று. மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குன்றத்தூரிலிருந்து வருவதாக இருந்தார் பிரசன்னா.

பிரசன்னாவுக்கு நானும் நஸ்ரினும் வைத்திருந்த பெயர் "தொப்பி". தரகர் அனுப்பிய மூன்று போட்டோவிலும் மனிதர் தொப்பி போட்டிருந்தார். ஊட்டியில் தொப்பி, சரி. கிரிக்கெட் மைதானத்தில் தொப்பி, சரி. தன் அக்கா கல்யாணத்தில், பட்டு வேட்டியோடு தொப்பி. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பரிமாறிக்கொண்ட ஆராய்ச்சியை அச்சிட்டால் ஒரு முனைவர் பட்டம் கொடுக்கலாம்.

ஞாயிறு மாலை. அம்மா தெருமுனைக் கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி இருபது வாங்கி, வீட்டு எண்ணெயில் ஒரு தடவை சூடு காட்டி, எவர்சில்வர் தட்டில் அடுக்கினார். (சொன்னேன் இல்லையா அம்மா, இது வந்தே தீரும்.) மல்லிகா அக்கா என் பட்டுப் புடவையைப் பெட்டி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "கொஞ்ச நேரம் இருந்து காபி ஆத்திக் குடுத்துட்டுப் போயேன் மல்லிகா" என்றார் அம்மா. "பாப்பாவோட மாப்ளைய நான் பாக்க வாணாமா, இருக்காம எங்க போவேன்" என்றார் அக்கா.

வந்தார்கள். பிரசன்னா, அவர் அம்மா, அவர் அப்பா. பிரசன்னா தொப்பி போடாமல் வந்திருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கம் இல்லை, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம். அவர் அம்மாவுக்குக் கணீரென்ற குரல். பஜ்ஜியை எடுத்ததும், "ரொம்ப நல்லா வந்திருக்கே! யார் போட்டது?" என்றார்.

"எல்லாம் அகிலாதான். காலையிலேருந்து அடுப்படியிலேயே நிக்கிறா" என்றார் அம்மா, கண் இமைக்காமல்.

அப்பாவுக்கு என் பட்டமளிப்பு போட்டோக்களைக் காட்டியே ஆக வேண்டும். "அகிலா, உன் போனை டிவியில போடும்மா" என்றார். கம்ப்யூட்டர் படித்த பெண் என்று வந்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா? மூன்றே விரல் அசைவில் என் போன் திரையை அப்படியே நாற்பத்து மூன்று அங்குல டிவியில் கொண்டுவந்தேன். பிரசன்னாவின் அப்பா வியந்துபோனார். சாதுவான மனிதர், அதுவரை வாயே திறக்கவில்லை. "குடும்மா, நானே தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்" என்று கேட்டு என் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

நான் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

நான்காவது போட்டோவில் நான் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்தபோது டிவியின் மேல்பக்கத்தில் ஒரு மெசேஜ் பட்டை இறங்கியது. நஸ்ரின். மினி இட்லி அளவு எழுத்து இப்போது தாம்பரம் ஸ்டேஷன் பெயர்ப்பலகை அளவில் இருந்தது.

காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த மல்லிகா அக்காவின் முகம் மலர்ந்தது.

"நஸ்...ரின். வந்...துட்...டாங்...களா." ஒரு நொடி யோசித்துவிட்டு டிவிக்குப் பதிலும் சொன்னார்: "ஆங், வந்துட்டாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். "அடடே, நல்லாப் படிக்கிறீங்களே!" என்றார் பிரசன்னாவின் அம்மா.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு எழுத்துத் தெரியாது. எல்லாம் எங்க அகிலா சொல்லிக் குடுத்தது" என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்தது. நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். பிரசன்னாவின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், தங்க விக்கிரகத்தைப் பார்ப்பது போல. "இன்னும் வந்தா படிங்க, கேக்க நல்லா இருக்கு" என்று அக்காவையும் உற்சாகப்படுத்தினார்.

இரண்டாவது பட்டை இறங்கியது.

'பஜ்ஜியை நீ போட்டதா உங்க அம்மா சொல்லிட்டாங்களா?'

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படித்த மனிதர்கள் ஒரு வரியைப் படிக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த ஒரு நொடியில் அறையில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் படித்து முடித்துவிட்டோம். ஆறு பேரும் படிக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா காலண்டரைப் பார்த்தார். பிரசன்னாவின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார். அப்படியே பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தால் எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும். நாகரிகம் என்பது மனசுக்குள் படிப்பதுதான்.

"ப...ஜ்...ஜியை..." என்று ஆரம்பித்தார் மல்லிகா அக்கா.

அந்த மாதிரி நீளமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்வில் கேட்டதில்லை. பட்டை வந்த வேகத்தில் மறைந்துவிடுமே என்று நம்பினேன். என் போனில் அது பத்து நொடி நிற்கும். அக்கா நிதானமாகப் படிக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். அப்பா பதறிப்போய் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். டிவியில் சத்தமே இல்லை. சத்தம் மல்லிகா அக்காவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அப்பா இன்னும் குறைத்தார்.

"...சொல்...லிட்...டாங்...களா." முடித்துவிட்டு அக்கா அம்மாவைப் பார்த்து அன்போடு தலையசைத்தார். "சொல்லிட்டாங்க, இப்பத்தான்."

போனைப் பிடுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதிரே மாமனார் ஆகப்போகிறவர். அவர் கையிலிருந்து ஒரு மணப்பெண் எதைப் பிடுங்குவது? கையை நீட்டி, "அங்கிள், போன்..." என்றேன். "இரும்மா, இன்னும் ஹாஸ்டல் போட்டோ பாக்கலை" என்றார். நிலைமையைச் சமாளிக்க அவர் தன்னால் ஆன மட்டும் முயன்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது பட்டை.

'தொப்பியைக் கழட்டினாரா? உள்ளே முடி இருக்கா?'

"தொப்...பியை..." அக்கா கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்தார். அப்புறம் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்போடு பிரசன்னாவின் தலையை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"முடி கீது. முன்னாடி மட்டும் கொஞ்சம் கம்மியா கீது."

பிரசன்னாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

அவர் அப்பா தங்கமான மனிதர். மகனுடைய மானத்தைக் காப்பாற்ற நினைத்து, அந்தப் பட்டையை விரலால் மேலே தள்ளிவிடப் பார்த்தார். கண்ணாடி போடாத கண், பழக்கமில்லாத விரல். தள்ளுவதற்குப் பதில் அழுத்திவிட்டார். எனக்கும் நஸ்ரினுக்கும் அன்று காலையிலிருந்து நடந்த பேச்சு முழுவதும் டிவியில் விரிந்தது.

முதல் வரி: 'மூணாவது ஆளு இன்னைக்கு வர்றார். இவரையும் வேண்டாம்னு சொல்லிட்டா பெங்களூர்தான். பெட்டி கட்டப் போறேன்.' எழுதியவள் நான்.

அடுத்த வரி: 'மாமியார் நேத்து போன்ல பேசினாங்க. மிக்ஸியில கல்லு மாட்டின மாதிரி குரல்.' எழுதியவள் நான்.

கீழே என்னுடையதே இன்னும் இரண்டு வரி. அதற்குக் கீழே பஜ்ஜியும் தொப்பியும்.

எல்லாரும் ஒரே பார்வையில் மொத்தத்தையும் படித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் டிவிக்கு முன்னால் நின்றேன். பட்டுப் புடவையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தேன். என்னைச் சுற்றி நான்கு பக்கமும் எழுத்துகள் எட்டிப் பார்த்தன. "பாப்பா, தள்ளிக்கோ, மறைக்குது" என்றார் அக்கா, முதல் வரியில் இருந்துகொண்டு. அப்பா எழுந்து சுவிட்சை அணைக்கப் போய், பதற்றத்தில் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டார். இருட்டில் டிவி இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மிக்ஸியில் கல் மாட்டியது வரைக்கும் அக்கா வந்துவிட்டார். பிரசன்னாவின் அம்மா எழுந்து நின்றார்.

"போதும்மா. நாங்களே படிச்சுட்டோம்."

மல்லிகா அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டினார்.

"இருங்கம்மா, இன்னும் ரெண்டு வரிதான் கீது."

அந்த இரண்டு வரியைத்தான் நான் யாருக்கும் தெரியாமல் மறைக்க விரும்பினேன். என் வலது தோளுக்கு மேலே பளிச்சென்று இருந்தது அது.

"அப்...பா...வுக்குச் சந்...தேக...மே வர...லை. பா...வம், பு...துச் சட்...டை எல்...லாம் வாங்...கி..."

அக்கா அங்கே நிறுத்தினார். முதன்முறையாக, படித்தது யாரை நோகடிக்கும் என்று அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அப்பா போட்டிருந்த வெளிர்நீலச் சட்டையைப் பார்த்தார்.

"காலையில நான்தான் சார் பொட்டி போட்டேன்" என்றார் மெதுவாக.

அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

பிரசன்னாவின் அம்மா "கிளம்பலாம்" என்றது யார் காதிலும் விழவில்லை. என் வரிக்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் கிசுகிசுதான். கணவரிடம் கிசுகிசுத்தார், மகனிடம் கிசுகிசுத்தார், அம்மாவிடம் "வர்றோம்ங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அவ்வளவு நல்ல கணீர்க் குரலை நான் ஒரே வரியில் அணைத்துவிட்டேன். அவர் கணவர் என் போனை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே பிரசன்னா என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"தொப்பி வெயிலுக்குப் போட்டதுங்க."

அவர் அக்கா கல்யாணத்தில், மண்டபத்துக்குள்ளே, என்ன வெயில் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா மீதிப் பஜ்ஜியை மூடி வைத்தார். அப்பா நீலச் சட்டையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். மூன்றாம் நாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"உன் போனை நான் ஒரு நாள்கூட எடுத்துப் பாத்ததில்லம்மா. அது உன்னோடதுன்னு விட்டுட்டேன். கல்யாணம் இப்ப வேண்டாம்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. மூணு குடும்பத்தைக் கூப்பிட்டு உக்கார வச்சு எதுக்கு?"

அழுதேன். பிறகு குன்றத்தூருக்கு போன் போட்டு, பிரசன்னாவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார், மிகவும் மெல்லிய குரலில். எனக்கு இன்னும் அவமானமாகிவிட்டது. அப்பா என்னைப் பெங்களூர் போக விட்டார். மூன்று பேரைப் பார்த்தாயிற்று, வாக்கு வாக்குதான் என்றார். என்னை ஸ்டேஷனில் ஏற்றிவிட வந்தபோது பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த நீலச் சட்டையை அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் பார்க்கவே இல்லை.

பெங்களூர் போகும் முன் மல்லிகா அக்காவுக்கு ஒரு கடைசிப் பாடம் பாக்கி இருந்தது. மனசுக்குள் படிக்கும் பாடம். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நீதான் பாப்பா சத்தமா படின்ன."

"ஆமாக்கா. தப்பு என்னோடதுதான். இப்ப உதட்டை அசைக்காம, கண்ணால மட்டும் படிங்க."

முயன்றார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டால் மூக்கு வழியாக "ம்ம்...ம்ம்" என்று படித்தார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அலுத்துப்போய்ச் சொன்னார்: "மனசுக்குள்ள படிச்சா, நான் படிக்கிறேனா சும்மா பாத்துனு கீறேனான்னு எவனுக்குத் தெரியும்?"

ஐம்பது வருஷம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர் கேட்கும் கேள்வி. நான் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் எதுவும் அதற்குப் பதிலாகாது. ஆனாலும் பத்து நாளில் கற்றுக்கொண்டார். ஒரு காலையில் கேளம்பாக்கத்திலிருந்து மெசேஜ் வந்தது. அக்கா உதடு அசையாமல் படித்தார். பாதியில் சிரித்தார். முடிவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா எழுதியிருக்கா?" என்றேன், ஆவல் தாங்காமல்.

போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். "உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

இது நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பெங்களூரில் ஆறு வருஷம் இருந்தேன், அங்கேயே ஒருவரைப் பார்த்து, நல்ல மனசோடு பார்த்து, கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது திரும்பவும் தாம்பரம். வரன் போனது போனதுதான், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. யார் யாரிடம் பேச்சை நிறுத்தச் சொன்னாலும் அதுதான் பதில். அம்மா என்னைத் திட்டும்போது அப்பா "போதும் விடு" என்றால், அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தொடர்வார். என் நிச்சயதார்த்தத்தில் ஐயர் லக்னப் பத்திரிகையை நீட்டி முழக்கிப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று மாப்பிள்ளையின் மாமா ஒருவர் முணுமுணுத்தார். ஆபீஸ் மீட்டிங்கில் இலக்கணத் தமிழில் பேசும் என் அப்பா, சபை நடுவே கையைக் காட்டி, சுத்தமான மெட்ராஸ் பாஷையில் அதைச் சொன்னார். முன்வரிசை நாற்காலியில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்த மல்லிகா அக்கா சிரித்த சிரிப்பில் ஐயருக்கே படித்த இடம் தவறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அம்மா உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னார், பஜ்ஜியை மட்டும் விட்டுவிட்டு.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, முதலில் என் கணவரிடம்தான் கொடுத்தேன். அவர் மனசுக்குள் படிக்கிறவர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, ஒரு "ம்" கூட இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. நன்றாக இல்லை போலிருக்கிறது, கிழித்துப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டி, "போதும், குடுங்க" என்றேன்.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டினார்.

"இருங்கம்மா, இன்னும் ரெண்டு வரிதான் கீது."